பக்லிங் எண்ணுக்குப் பின்னால் இருப்பதையும் சொல்லிக்கொடுங்கள்: சிவில் பொறியியல் பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு வணக்கம்.

புதிதாக வேலைக்கு வரும் பட்டதாரிகளின் வடிவமைப்புக் கணக்குகளைச் சரிபார்ப்பது என் பணியின் ஒரு பகுதி. மென்பொருளில் மாதிரி கட்டுவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். அழுத்தும் சுமையில் தூண் திடீரெனப் பக்கவாட்டில் வளைந்துபோவதை, அதாவது பக்லிங்கைக் கணிக்கும் பகுப்பாய்வை ஓட்டிவிட்டு, "ஃபேக்டர் மூணுக்கு மேல வருது சார், சேஃப்" என்பார்கள். அந்த மூன்று எதையெல்லாம் நம்பி வந்தது என்று கேட்டால் பலரும் விழிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கேட்கவே யாரும் பழக்காத கேள்வி அது.

மென்பொருள் முதலில் தரும் அந்த ஃபேக்டர் ஓர் ஐகன்மதிப்பு: கொடுத்த சுமையைப்போல் எத்தனை மடங்கில் பக்லிங் நேரும் என்று சொல்லும் எண். தூண் அப்பழுக்கில்லாமல் நேராக நிற்கிறது, சுமை சரியாக மையத்தில் இறங்குகிறது, எஃகு மீள்தன்மை இழக்காது என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு. 1744இல் கணிதவியலர் ஆய்லர் போட்ட கணக்கின் வழிவந்ததுதான். அதில் பிடிப்பில்லாத நீளம் (பக்கவாட்டில் நகரவிடாமல் எதுவும் தாங்காத நீளம்) இரட்டித்தால் தாங்கும் சுமை நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆகவே நடுவில் ஒரு பிடிப்பு உண்டு என்று மாதிரியில் போடுகிறோமே, அந்த ஒரு சொடுக்கில் விடை நான்கு மடங்கு மாறலாம்.

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் நடந்தது இதுதான். அங்கிருந்த சிவிக் சென்டர் அரங்கின் எஃகுச் சட்டகக் கூரையைக் கணினி கொண்டு வடிவமைத்தார்கள். மேல்தள அழுத்த உறுப்புகளுக்கு நடுவில் பிடிப்பு இருப்பதாக மாதிரி கருதியது. கட்டி முடித்த கூரையின் ஓரங்களிலோ அந்தப் பிடிப்பு வேலை செய்யவில்லை. கட்டும்போதே கூரை கணக்கைவிட ஏறத்தாழ இரு மடங்கு தொய்ந்தது. தளத்திலிருந்து அதைச் சொன்னபோதும் கணினியின் விடைதான் நம்பப்பட்டது. 1978 ஜனவரி 18 விடிகாலை, பனியின் எடையில் கூரை தரையில் விழுந்தது. அதற்குச் சில மணி நேரம் முன்பு வரை ஆயிரக்கணக்கானோர் உள்ளே கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லாமல் போனது நேரத்தின் கருணை. இந்தச் சம்பவத்தை எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

மெல்லிய சுவர்கொண்ட ஓடு போன்ற அமைப்புகளில் (ஷெல்) நிலைமை இன்னும் மோசம். காலிக் குளிர்பான டின் மேல் கவனமாக ஏறி நின்றால் தாங்கும். பக்கவாட்டில் லேசாகத் தட்டினால் அந்த நொடியே நசுங்கும். சைலோ, தொட்டி, ராக்கெட் உடல் எல்லாம் இதே இனம். சோதனைகளில் பல உருளைகள் கோட்பாடு சொன்ன சுமையில் பாதியைக்கூட எட்டாமல் நொறுங்கின. சிறு வடிவக் குறைகளே காரணம் என்று 1945இல் டச்சுப் பொறியாளர் கோய்ட்டர் தன் முனைவர் பட்ட ஆய்வில் விளக்கிவிட்டார்.

நாம் கற்றுத்தர வேண்டியது அடுத்த படி. பக்லிங் வடிவத்தையே சிறு கோணலாக மாதிரியில் புகுத்தி, எஃகு மீள்தன்மை இழப்பதையும் சேர்த்து, சுமையைப் படிப்படியாக ஏற்றும் நேரிலா (நான்-லீனியர்) பகுப்பாய்வு. எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதிநூல் ஐஎஸ் 800:2007. தூண் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் அதன் நான்கு பக்லிங் வளைவுகளுக்குள் இந்தக் கோணலும் எச்சத் தகைவும் (தயாரிப்பின்போதே எஃகுக்குள் தங்கிவிடும் தகைவு) ஏற்கெனவே அடங்கியிருக்கின்றன. மாணவர்கள் அட்டவணையைப் பார்த்து எண்ணை எடுக்கிறார்கள்; எதற்காக நான்கு வளைவுகள் என்று கேட்பதில்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு ஆய்வகப் பயிற்சி. ஒல்லியான அலுமினியப் பட்டையை நிறுத்தி, சுமை ஏற்றி, நடுவில் விலகலை டயல் கேஜில் (சிறு நகர்வை அளக்கும் முள் கருவி) மாணவர்கள் அளக்கட்டும். விலகலைச் சுமையால் வகுத்து, அதை விலகலுக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். அதன் சாய்வின் தலைகீழே மாறுநிலைச் சுமை, அதாவது பக்லிங் நேரும் சுமை. பட்டையை உடைக்காமலே அதைக் கண்டுபிடிக்கும் இந்த வழியை 1932இல் பிரிட்டிஷ் பொறியாளர் சவுத்வெல் தந்தார். பிறகு அதே பட்டையை, அளந்த கோணலோடு மென்பொருளில் ஏற்றி இரண்டையும் ஒப்பிடட்டும். முனைகளின் பிடிப்பை மாற்றி மறுபடியும் செய்யட்டும்.

கூடவே ஒரு விதியும் வேண்டும்: பக்லிங் எண் தரும் எந்தப் புராஜெக்ட் அறிக்கையிலும், எங்கெங்கே பிடிப்பு கருதப்பட்டது, அதைத் தரும் உறுப்பு வரைபடத்தில் எது, எவ்வளவு கோணல் சேர்க்கப்பட்டது என்று மாணவர் எழுதியாக வேண்டும். வைவாவில் முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும்.

டயல் கேஜும் எடைக்கற்களும் உங்கள் ஆய்வகங்களில் ஏற்கெனவே இருக்கின்றன. அடுத்த பாடத்திட்டத் திருத்தத்திலேயே இதைச் சேர்க்க முடியும்.

அன்புடன்,
ஒரு கட்டமைப்புப் பொறியாளர்