அம்மம்மாவுக்கு மூன்று தாடை

திருகோணமலை,
ஞாயிறு மாலை

அன்புள்ள மகளுக்கு,

நீ வரைந்து அனுப்பிய படத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்தது போதாமல், கடையில் கொடுத்து அச்செடுத்து வந்தேன். இமை மயிர் ஒன்றுகூடத் தப்பவில்லை. பொறுமைக்கு நூற்றுக்கு நூறு. ஆனால் நீ வரைந்திருப்பது அம்மம்மாவை அல்ல, அவருடைய அடையாள அட்டையை. கோபித்துக்கொள்ளாதே.

முகம் என்றாலே கை இறுகிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். பென்சிலை எழுதுவதற்குப் பிடிப்பதுபோலப் பிடித்தால் விரல்தான் வேலை செய்யும், தோள் தூங்கிவிடும். அதோடு பக்கத்தில் அழிறப்பர் வேறு. இரண்டையும் மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டுக் கரியை எடு.

போன கிழமை நானே கரி சுட்டேன். பழைய பால்மா டின்னின் மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு, உள்ளே குச்சிகளை அடுக்கி அடுப்பில் வைத்தேன். துளையால் வரும் புகை நின்றதும் இறக்கிவிட வேண்டும். நன்றாக ஆறுமுன் திறந்தால் காற்றுப் பட்டுச் சாம்பலாகிவிடும். முருங்கைக் குச்சி தொட்டவுடன் பொடிந்தது. பூவரசு நன்றாக வந்தது.

அந்தக் கரியோடு விறாந்தைக்கு வந்தபோது அம்மம்மா வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். கரித்துண்டைப் படுக்கவைத்துக் கன்னத்துப் பள்ளத்தை ஒரே இழுப்பில் போட்டேன். நெற்றியில் வெளிச்சம் விழுந்த இடத்தைப் பழைய துணியால் ஒற்றி எடுத்தேன். தாடைக்கு வந்தால், அது ஓரிடத்தில் நிற்கிறதா என்ன? முதல் கோட்டை அழிக்காமல் இரண்டாவதைப் போட்டேன். பிறகு மூன்றாவது. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. கடதாசியில் அம்மம்மா வெற்றிலை மெல்லத் தொடங்கிவிட்டார்.

காட்டினேன். "எனக்கென்ன மூன்று தாடையா?" என்று கேட்டுவிட்டுத் துப்பப் போய்விட்டார்.

நீயும் கடதாசியைப் பார்க்காமல் யாருடைய முகத்தையாவது ஒரே கோட்டில் வரைந்து பார். கண் எவ்வளவு மெதுவாக நகர்கிறதோ அவ்வளவு மெதுவாகத்தான் கையும் நகர வேண்டும். மூக்கு காதுக்குப் பக்கத்தில் போய் நிற்கும்; சிரித்துவிட்டு அடுத்த தாளை எடு. ஒன்றை மட்டும் மறக்காதே: கண் தலையின் பாதி உயரத்தில் இருக்கிறது. உன் படத்தில் நெற்றி குறுகிப்போனது கண்ணை மேலே ஏற்றியதால்தான்.

மாரி தொடங்கிவிட்டால் இங்கே கடதாசி ஈரம் குடித்துக் கரி சரியாகப் பிடிக்காது. அப்போது நான் மைக்கு மாறிவிடுவேன். ஈர்க்கை வெட்டி மையில் தோய்த்து இழுத்தால் பாதிவழியில் மை தீர்ந்து கோடு அறுந்துபோகும். அறுந்த இடத்தை நிரப்பாதே. மூக்குத்தண்டில் வெயில் படுவது அந்த வெறுமையில்தான் தெரியும். ஓவியர் வான்கோ 1888இல் பிரான்சின் ஆர்ல் நகரில் நாணலைச் சீவித்தான் பேனை செய்தார். நம் தமிழ் ஓவியர் கே. எம். ஆதிமூலம் 1969இல், காந்தி பிறந்த நூற்றாண்டின்போது, கோடுகளாலேயே எத்தனை காந்திகளை வரைந்தார்! அந்தக் காந்திகளைத் தேடிப் பார். எந்தக் கோடும் அனுமதி கேட்டு நிற்காது.

நேற்று பிரெட்றிக் கோட்டைக்குள் மரநிழலில் இருந்து, கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களை வரைந்தேன். ஒரு மான் வந்து கடதாசியை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. மலிந்த கடதாசி என்று அதற்கும் தெரிந்திருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பிள்ளை அடுத்த மாதம் அங்கே வரும்போது ஐந்து கரித்துண்டுகளைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்துவிடுகிறேன். அந்த மூன்று தாடைப் படத்தையும் சேர்த்து அனுப்பலாம் என்றால் அம்மம்மா விடமாட்டேன் என்கிறார். தோடு இல்லாத படம் வெளிநாட்டுக்குப் போகக் கூடாதாம். தோட்டைப் போட்டுத் தரச் சொல்கிறார். அதை மட்டும் பென்சிலால், கல்லை எண்ணி வரைய வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா