மஞ்சள் இலையைக் கண்டதும் பசளை போடச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்கள் பத்திரிகையின் வீட்டுத்தோட்டப் பக்கத்தில் போன கிழமை, வீட்டுக்குள் கஞ்சாச் செடி வளர்ப்பவர்களுக்கு என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. அதைப் போடத் துணிந்ததற்கு முதலில் பாராட்டு. 2018 ஒக்டோபர் 17 இல் கனடாவில் கஞ்சாவை அனுமதிக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்து இவ்வளவு காலமான பிறகும் எங்கள் ஆட்கள் இதைக் குசுகுசுத்துத்தான் கதைக்கிறார்கள், மூட்டு வலிக்கு என்று நிலக்கீழ் அறையில் ஒரு செடி வைத்திருக்கும் மனிதர் கூட வீட்டுக்கு ஆள் வந்தால் கதவைச் சாத்திவிடுகிறார். செடிக்கு வருத்தம் வந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு அந்தக் குறிப்பு உதவியிருக்க வேண்டும். ஆனால் இலை மஞ்சளானால் நைதரசன் குறைவு, பசளையை இரட்டிப்பாக்குங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் ஒன்ராறியோவின் லீமிங்ரன் பக்கத்துப் பசுமைக்கூடங்களில் தக்காளிக்கும் வெள்ளரிக்கும் நடுவே வேலை செய்து ஓய்வுபெற்றவன். கஞ்சாவும் ஒரு செடிதான், வேர் மூச்சுவிட வேண்டும், தண்ணீர் இழுக்க வேண்டும், இலை பச்சையாக நிற்க வேண்டும், இதில் விசேஷ மர்மம் ஒன்றும் இல்லை. மஞ்சளாகி வாடும் செடிகளில், அதுவும் குளிர்காலத்தில் நிலக்கீழ் அறையில் நிற்பவற்றில், நான் பார்த்தமட்டில் பாதிக்கு மேல் பசளைக் குறைவே இல்லை. தண்ணீர் கூடிப்போன கேஸ்.

எப்படி என்று சொல்கிறேன். சீமெந்துத் தரை ஜனவரியில் ஐஸ் மாதிரி இருக்கும், சாடி நேரே அதன்மேல் நிற்கும், வேர் குளிர்ந்துபோய்த் தண்ணீர் இழுக்காது, மண் ஒரு கிழமையானாலும் காயாது. மண்ணிலுள்ள காற்று இடமெல்லாம் தண்ணீர் நிறைந்தால் வேருக்கு ஒட்சிசன் இல்லை. வேர் வேலை செய்யாவிட்டால் இலைக்குத் தண்ணீர் போகாது, ஆகவே ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி வாடும். வீட்டுக்காரர் என்ன நினைப்பார்? தாகம் என்று இன்னொரு வாளி ஊற்றுவார். அடுத்து மஞ்சள் வரும், உங்கள் குறிப்பைப் படித்துவிட்டுப் பசளையும் ஊற்றுவார். அந்தச் செடி அதோடு சரி.

இரண்டு வாட்டத்துக்கும் வித்தியாசம் தொட்டாலே தெரியும். தண்ணீர் போதாத இலை மெலிந்து, கடதாசி மாதிரித் துவண்டு தொங்கும், சாடியைத் தூக்கினால் பாரமே இருக்காது, தண்ணீர் ஊற்றினால் சில மணித்தியாலத்தில் எழும்பிவிடும். தண்ணீர் கூடிய இலை தடித்து, உப்பி, காம்பிலிருந்தே கீழ்நோக்கி வளைந்து நிற்கும், சாடி பாரமாக இருக்கும். எந்தக் கருவியும் வாங்க முன்னர் சாடியைத் தூக்கிப் பழகுங்கள். தண்ணீர் ஊற்றியவுடன் ஒருமுறை, நன்றாகக் காய்ந்த பிறகு ஒருமுறை தூக்கினால் கை அந்தப் பாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். சாடிக்குக் கீழே ஒரு பலகையோ தடித்த ஸ்டைரோஃபோம் துண்டோ வையுங்கள். மண்ணுக்கு மேலே நுளம்பு மாதிரிச் சின்னக் கறுப்புப் பூச்சிகள் பறந்தால் மேல்மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம். அவற்றின் புழுக்கள் மெல்லிய வேர்களைத் தின்னும். மஞ்சள் ஒட்டுத்தாள் பறப்பதைத்தான் பிடிக்கும், மேல்மண்ணைக் காயவிட்டால்தான் புழு குறையும்.

சாடியிலிருந்து செடியை மெல்லக் கழற்றி வேரைப் பார்ப்பதற்கு ஏனோ எல்லாரும் பயப்படுகிறார்கள். வேர் வெள்ளையாக இருந்தால் நல்லது. மண்ணிறமாகி, வழுவழுத்து, இழுத்தால் தோல் கழன்று வந்து, சதுப்பு நாற்றம் அடித்தால் பித்தியம் என்ற வேரழுகல். மண்ணில்லாமல் தண்ணீரில் வளர்ப்பவர்களுக்கு, தொட்டித் தண்ணீர் 22 பாகை செல்சியசுக்கு மேலே போனால் இது வருவதற்கு வாய்ப்பு நிறைய.

சரி, தண்ணீர் பிரச்சினை இல்லை, வேரும் வெள்ளை. அப்போதுதான் சத்தைப்பற்றி யோசிக்க வேண்டும், அப்போதும் மஞ்சள் எங்கே தொடங்கியது என்பதுதான் முதல் கேள்வி. நைதரசன், மக்னீசியம், பொற்றாசியம் மூன்றையும் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்குக் கொடுக்கும். ஆகவே இவை குறைந்தால் கீழ் இலைதான் முதலில் காட்டும். கீழ் இலை முழுதாக ஒரே சீராக வெளிறினால் நைதரசன். நரம்பு பச்சையாக இருக்க இடையில் மட்டும் மஞ்சளானால் மக்னீசியம். ஓரம் கருகினால் பொற்றாசியம். இரும்பை அப்படி நகர்த்த முடியாது, அது குறைந்தால் உச்சியில் புதிதாக வரும் இலைதான் நரம்பு மட்டும் பச்சையாக, மிச்சம் வெளிறி வரும். கல்சியமும் நகராது, அது இளம் இலைகளில் மண்ணிறப் புள்ளி போடும். உச்சி வெளிறிய செடிக்கு நைதரசனை இரட்டிப்பாக்கினால் என்ன பயன்? உப்பு கூடி இலை நுனியெல்லாம் கருகும், இரும்பு அப்படியே கிடக்கும்.

பல நேரம் சத்து மண்ணில் இருக்கும், வேரால் எடுக்க முடியாமல் இருக்கும். அதற்குக் காரணம் பிஎச் பெறுமானம், அதாவது அமிலமா காரமா என்று காட்டும் அளவு. மண்கலவைக்கு 6 இலிருந்து 6.8 வரை, தென்னந்தும்புக்கும் நீர்வளர்ப்புக்கும் 5.5 இலிருந்து 6.2 வரை இருந்தால் போதும். ரொறன்ரோவில் குழாய்த் தண்ணீர் ஒன்ராறியோ ஏரியிலிருந்து வருகிறது, ஓரளவு கடின நீர், கொஞ்சம் காரத்தன்மையும் உண்டு. அதையே மாதக்கணக்கில் ஊற்றினால் பீற் என்ற சதுப்புநில மக்கு சேர்ந்த மண்கலவையின் பிஎச் மெல்ல ஏறும், உச்சி இலை வெளிறும். கிச்சினர், வாட்டர்லூ, குவெல்ஃப் பக்கம் நிலத்தடி நீர் இன்னும் கடினம். அதனால் அங்கே வீடுகளில் உப்புப் போட்டுத் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் வைத்திருப்பார்கள். அந்த மென்மையாக்கிய தண்ணீரில் சோடியம் இருக்கிறது, அதைச் சாடிச் செடிக்கு ஊற்றக் கூடாது. வெளித் தோட்டத்துக்குப் போகும் குழாய் பெரும்பாலும் அந்த இயந்திரத்துக்குள் போகாது, கோடையில் அதில் பிடிக்கலாம்.

இன்னொரு விஷயம், குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து இரவு முழுக்க வைத்தால் குளோரின் போய்விடும் என்று எழுதியிருந்தீர்கள். ரொறன்ரோ நகரம் வெறும் குளோரினோடு நிறுத்துவதில்லை, அமோனியா சேர்த்து குளோரமினாக்கித்தான் குழாயில் அனுப்புகிறது. குளோரமின் ஒரு இரவில் போகாது. அந்த அளவு குளோரமினால் சாடிச் செடிக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை, ஆகவே அந்த வாளி வேலையை விட்டுவிட்டு ஒரு பிஎச் மானியை வாங்குவது நல்லது.

எப்சம் உப்பைப்பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஆட்கள் எல்லாவற்றுக்கும் அதைப் போடுகிறார்கள். அது மக்னீசியம் சல்பேற்று, கீழ் இலை நரம்பிடை மஞ்சளாக இருந்தால் மட்டும்தான் வேலை. 4 லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி காணும்.

வெளிச்சத்தை உங்கள் குறிப்பு தொடவே இல்லை. எல்ஈடி விளக்கு உச்சிக்கு மிகக் கிட்டத்தில் இருந்தால் உச்சி இலை மட்டும் வெளிறும், விளக்குக்கு நேர்கீழே இருப்பது மோசமாகவும் பக்கவாட்டில் இருப்பது பச்சையாகவும் இருக்கும். பார்த்தால் இரும்புக் குறைபாடு போலவே தெரியும். விளக்கை உயர்த்திப் பாருங்கள், காசு செலவில்லாத சோதனை. அதேபோல் பூத்து முடியும் கடைசிக் கிழமைகளில் கீழ் இலை மஞ்சளாகி விழுவது நோயே இல்லை, செடி தன் காலம் முடிகிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் பசளை கொட்டுவது காசுக்கும் கேடு பூவுக்கும் கேடு.

பூக்காலத்தில் ஒரு மஞ்சளைக் கண்டு மட்டும் உண்மையிலேயே பயப்பட வேண்டும். செடி முழுக்கப் பச்சை, ஒரு தடித்த பூவின் நடுவிலிருந்து ஒரேயொரு சின்ன இலை மட்டும் வாடி மஞ்சளாக நீட்டிக்கொண்டிருக்கும். அதை மெல்ல இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தால், பூவை விரித்துப் பாருங்கள், உள்ளே மண்ணிறமும் சாம்பல் தூளும் இருக்கும். அதுதான் பூவை அழுகவைக்கும் பொற்றைற்றிஸ் பங்கசு. அந்தப் பூவையும் சுற்றி உள்ளதையும் வெட்டிப் பையில் கட்டி எறியுங்கள். மிச்சத்தைக் காயவைத்துப் பாவிக்கலாம் என்று மனதை மயக்காதீர்கள், மருந்துக்கு என்று வளர்ப்பவர்களில் பலர் ஏற்கனவே சுவாசப்பை பலவீனமானவர்கள். நிலக்கீழ் அறையின் ஈரப்பதன் பூக்காலத்தில் 50 வீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும், ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் ஒரு மின்விசிறியும் இல்லாமல் அது நடக்காது.

இலையில் ஊசியால் குத்தினமாதிரி வெளிறிய புள்ளிகள் இருந்தால் இலையைத் திருப்பி உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள், சிலந்திச்சிற்றுண்ணி இருக்கும், முற்றினால் நூல் வலையும் இருக்கும். உடனே வேப்பெண்ணெய் என்பீர்கள், எனக்கும் வேப்பெண்ணெயில் நம்பிக்கை உண்டு, ஆனால் பூவில் அடிக்காதீர்கள். அது பூவில் தங்கும், அதைத்தான் பிறகு புகைப்பீர்கள் அல்லது சாப்பிடுவீர்கள். பசுமைக்கூடங்களில் தக்காளிக்கும் வெள்ளரிக்கும் நாங்கள் விட்ட பெர்சிமிலிஸ் என்ற இரைகொல்லிச் சிற்றுண்ணியை வீட்டுக்காரரும் வாங்கலாம், அது கெட்டதைத் தின்றுவிட்டுத் தானும் செத்துப்போகும்.

மருந்து அடிப்பதில் கம்பனிகளே மாட்டியிருக்கின்றன. 2016 முடிவிலும் 2017 தொடக்கத்திலும் இங்கே உரிமம் பெற்ற உற்பத்தியாளர்களின் மருத்துவக் கஞ்சாவில் மைக்ளோபியூட்டனில் என்ற பங்கசுக்கொல்லி அகப்பட்டு, பொருட்களைத் திருப்பி எடுக்க வேண்டி வந்தது. திராட்சைக்கு அடிக்கிற மருந்துதான், ஆனால் நெருப்பில் சூடானால் ஐதரசன் சயனைட்டு வரும். தக்காளிக்கு நல்லது என்று போத்தலில் எழுதியிருப்பது கஞ்சாவுக்குப் பொருந்தாது.

பகலில் வாடி இரவில் தெளிந்து, பிறகு ஒரு பக்கக் கிளை மட்டும் படுத்துப்போனால் தண்டை நீளவாக்கில் கீறுங்கள், உள்ளே மண்ணிறக் கோடு ஓடினால் பியூசேரியம் என்ற பங்கசு வாடல். செடியையும் மண்ணையும் சேர்த்து எறிய வேண்டியதுதான். இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது கூட்டாளிமாரிடம் வாங்கும் பதியன்கள். பியருக்குப் போடும் ஹொப் செடியும் கஞ்சாவும் ஒரே குடும்பம், ஹொப்பிலிருந்த ஒரு வைரொயிட்டு, அதாவது வைரசைவிடச் சின்ன நோய்க்காரணி, கஞ்சாவிலும் இருப்பது 2019 இல் உறுதியானது. அது வந்த செடி குட்டையாகி, தண்டு முறுகி, இலை சிறுத்து, சில நேரம் வெளிறி நிற்கும். பல செடிகள் வெளியே ஒன்றும் காட்டாமலே அதை வைத்திருக்கும். மருந்து இல்லை. கத்தரிக்கோலில் ஒட்டிக்கொண்டு அடுத்த செடிக்குப் போகும், ஆகவே ஒவ்வொரு செடிக்கும் இடையில் பத்துக்கு ஒன்று பிளீச் கலந்த தண்ணீரில் கத்தரிக்கோலை முக்கி எடுங்கள்.

அடுத்த இதழில் அந்தப் பசளை வரியைத் திருத்திப் போடுங்கள், முடிந்தால் மஞ்சள் கீழே தொடங்குவதற்கும் மேலே தொடங்குவதற்கும் இரண்டு படங்களும் சேர்த்து. சட்டப் பகுதியிலும் ஒரு திருத்தம் வேண்டும். ஆளுக்கு நாலு செடி என்று அச்சாகியிருக்கிறது. வீட்டுக்கு நாலு, வீட்டில் எத்தனை பெரியவர்கள் இருந்தாலும் நாலுதான், வைத்திய அனுமதிப் பதிவு உள்ளவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. கியூபெக் மாகாணத்தில் ஒன்றுகூட வைக்க முடியாது, 2023 இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தடை செல்லும் என்று சொல்லிவிட்டது. வாடகை வீட்டிலோ கொண்டோ என்ற அடுக்குமாடி வீட்டிலோ இருப்பவர்கள் ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை வாசித்துவிட்டு விதையைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பசுமைக்கூடத் தொழிலாளி,
ஸ்காபரோ