நலச்சங்கத்தின் 25ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், மழையிலும் வந்து சேர்ந்திருக்கும் நம் குடியிருப்பு உறவுகளுக்கும் வணக்கம். நமது குடியிருப்போர் நலச்சங்கத்தின் 25ஆம் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு இந்த ஆண்டு 9 முறை கூடியது. குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். ஓணத்துக்கு அத்தப்பூக் கோலப் போட்டி நடந்தது. இரண்டாம் குறுக்குத் தெருவில் மூன்று தெருவிளக்குகள் மாற்றப்பட்டன. கொசு மருந்து இரண்டு முறை அடிக்கப்பட்டது.

வெள்ளி விழாவைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. “கேக் வெட்ட இவ்வளவு ஆர்ப்பாட்டமா, கடையில் சொன்னால் கொண்டு தர மாட்டானா?” என்று சிலர் பேசியது என் காதுக்கு வந்தது. போன ஆண்டு கடையில்தான் சொன்னோம். வனஸ்பதி கிரீம் நாக்கில் ஒட்டிக்கொண்டு, பாதிக் கேக் தட்டோடு குப்பைக்குப் போனது. மறுநாள் காலையில் மண்டபம் கூட்டியவள் நான். 25 ஆண்டுக்கு ஒருமுறை வரும் விழாவுக்கு நம் கையால் செய்து கொடுக்க வேண்டும் என்று செயற்குழுவில் கேட்டேன். அனுமதி கிடைத்தது.

நாகர்கோவில்காரர்களுக்குக் கேக் புதிதல்ல. சீனியைக் கருக்கி, வெந்நீர் விட்டு, அந்தப் பாகில் கிறிஸ்துமஸ் கேக்குக்கு நிறம் ஏற்றுவது நம் தெருவில் பல வீடுகளில் நடக்கிறது. நான் எடுத்துக்கொண்டது ஹங்கேரி நாட்டு முறை. யோஷெஃப் டோபோஷ் என்ற மிட்டாய்க்கடைக்காரர் 1885இல் புடாபெஸ்ட் பொருட்காட்சியில் வைத்த கேக் அது. மெல்லிய அடுக்குகளுக்கு இடையில் வெண்ணெய்க் கிரீம், மேலே கண்ணாடி போலக் கேரமல் மூடி. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் கெடாமல் இருக்க வேண்டும் என்றே அவர் அப்படிச் செய்தார். 1906இல் செய்முறையைத் தம் ஊர் மிட்டாய்க்காரர் சங்கத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். அதைப் படித்தபோதுதான் இதை நம் சங்க விழாவுக்குச் செய்ய வேண்டும் என்று எனக்கு உறுதிப்பட்டது. அவர் சாக்லேட் கிரீம் வைத்தார். நாங்கள் கிரீமிலும் கேரமலே சேர்த்தோம்.

உதவிக்கு வருவதாக 11 பேர் பெயர் கொடுத்தார்கள். வந்தது 4 பேர். மற்ற ஏழு பேரில் ஒருவர்கூட வர முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. அது எனக்கு வருத்தம்தான். இதை அறிக்கையில் எழுதாமல் விட மனம் வரவில்லை.

மூன்று வீடுகளிலிருந்து கேக் வேகவைக்கும் மூன்று ஓ.டி.ஜி. மின்சார அடுப்புகளை மண்டபத்துக்குச் சுமந்து வந்தோம். ஒரு கேக்குக்கு ஆறு அடுக்கு, மூன்று கேக்குக்குப் பதினெட்டு. ஒவ்வொரு அடுக்கையும் பட்டர் பேப்பரில் தனித்தனியாகத் தடவி, ஏழு நிமிடம் வேகவைத்து எடுக்க வேண்டும். பேக்கிங் பவுடர் கிடையாது. அடித்த முட்டையின் நுரைதான் மாவைத் தூக்கி நிறுத்தும். நுரை காத்திருக்காது.

மூன்றாம் ஈடு அடுப்பில் இருக்கும்போது மின்சாரம் போனது. மண்டபத்துக்கென்று ஜெனரேட்டர் இருக்கிறது. பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் போய் எட்டு மாதமாகத் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. செல்போன் வெளிச்சத்தில் அடுப்பைத் திறந்து பார்த்தோம். மூன்று அடுக்கும் ஓரம் மட்டும் வெந்து, நடு குழிந்து, தோல் போலக் கிடந்தன. பாத்திரத்தில் மீதமிருந்த மாவு நுரை அடங்கித் தண்ணீராகிவிட்டது. மின்சாரம் வர இரண்டு மணி நேரம் ஆனது. கடைசி வீட்டு அக்கா குடை பிடித்துக்கொண்டு போய் 12 முட்டை வாங்கி வந்தார். மறுபடி முதலிலிருந்து அடித்தோம். பதினெட்டாவது அடுக்கு வெளியே வரும்போது இரவு பதினொன்றரை.

ஜெனரேட்டரைச் சரிசெய்ய மெக்கானிக் கேட்டது 14,000 ரூபாய். 64 வீடுகளில் 19 வீடுகளின் சந்தா வரவில்லை. அவற்றில் ஏழு வீடுகள் இரண்டு ஆண்டாகத் தரவில்லை. மாதம் 150 ரூபாய் கணக்கில் மொத்தப் பாக்கி 46,800. யார் யார் என்று இங்கே வாசிக்கப் போவதில்லை. பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது.

கேரமலையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒன்றரைக் கிலோ சீனி கூடுதலாகச் செலவானது ஏன் என்று கணக்குப் பார்த்தவர் கேட்டார். முதல் தடவை உருகும்போது கரண்டி போட்டதால் பாகு பூத்து மணலாகிவிட்டது. இரண்டாம் தடவை ஒரு நொடி தாமதித்ததில் கசந்துவிட்டது. சீனி 160 டிகிரிக்கு மேல்தான் நிறம் மாறத் தொடங்கும். அதன் பிறகு கண்ணை எடுக்க முடியாது. மூன்றாம் தடவை எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டு, கரண்டி போடாமல் சட்டியை மட்டும் சுழற்றினோம். கருந்தேன் நிறத்தில் வந்தது. அதை மேல் அடுக்கில் ஊற்றி, வெண்ணெய் தடவிய கத்தியால் உடனே 24 கோடுகள் போட வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினால் வெட்டு விழாது, உடையும். நம் ஊர் மழைக்காலத்துக் காற்று பட்டால் கேரமல் கசியும் என்பதால் துண்டுகளைப் பிஸ்கட் டின்னில் அடைத்து வைத்து, தலைவர் ஐயா பேசி முடிக்கும் நேரத்தில்தான் கேக்கின் மேல் அடுக்கினோம். அவர் கத்தி வைத்ததும் டக்கென்று கேட்ட சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

முட்டை சேர்க்காதவர்களுக்கு ரவா கேசரி தனிப் பாத்திரத்தில் செய்தோம். இதைக் கவனிக்கவில்லை என்று சொல்லப்பட்டது சரியல்ல. வீட்டுக்கு ஒருவராவது வருவார்கள் என்று 72 துண்டு போட்டோம். வந்தது 31 வீடுகளிலிருந்து 58 பேர். மீதியைக் காவலாளி அண்ணனுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் கொடுத்தோம்.

கேக்குக்காகச் சங்கப் பணத்திலிருந்து எடுத்தது 1,850 ரூபாய் மட்டுமே. வெண்ணெயும் முட்டையும் நாங்கள் ஐந்து பேரும் கைக்காசில் வாங்கியவை. பொதுவாக ஆண்டின் வரவும் செலவும் ஏறக்குறைய ஈடாகவே உள்ளன. வங்கியில் சிறு இருப்பு உள்ளது. விவரங்களைப் பொருளாளர் தருவார்.

தலைவர் ஐயாவுக்கும், செயற்குழுவுக்கும், ஒலிபெருக்கி தந்து உதவியவருக்கும், மாமன்ற உறுப்பினருக்கும் சங்கத்தின் நன்றி. அந்த நாலு பேருக்கும் என் தனி நன்றி.

வரும் ஆண்டில் இந்தப் பொறுப்பில் தொடர என் உடல்நிலை எவ்வளவு இடம் தரும் என்று தெரியவில்லை. இளைய பெண்கள் யாராவது முன்வந்தால் கூடவே இருந்து சொல்லித் தருவேன். தட்டுகளும் பட்டர் பேப்பரும் என் வீட்டில் இருக்கின்றன, எப்போதும் வந்து எடுத்துக்கொள்ளலாம். ஜெனரேட்டர் மட்டும் அடுத்த மழைக்காலத்துக்குள் ஓட வேண்டும். பொருளாளர் தம்பி ரசீதுப் புத்தகத்தோடு வாசல் மேசையில் இருப்பார், தேநீருக்குப் போகும் வழிதான் அது.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்