கேமராவுக்கு முன் கம்ப்யூட்டரைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். நீயோ வண்டி ஓட்டிக்கொண்டே, "விலை கம்மியா ஒரு வீடியோ கேமரா வேணும்மா, மாடல் பேரை மட்டும் சொல்லு" என்று அவசரப்பட்டாய். வண்டி ஓட்டும்போது போன் பேசாதே என்று எத்தனை தடவைதான் சொல்வது? சரி, அந்தச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

மாடல் பெயர் எதுவும் இந்தக் கடிதத்தில் இருக்காது. உன் மேஜையில் இருக்கிற அந்தப் பழைய கம்ப்யூட்டர் எதைத் தாங்குமோ, அதற்கேற்ற கேமராதான் உனக்குச் சரிப்படும். இதை நான் காசைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு மினி டிவி கேமரா வாங்கினோம். டிவி என்றதும் தொலைக்காட்சி என்று நினைக்காதே, டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம் அது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கேசட். ஒன்றில் ஒரு மணி நேரம் பதிவாகும். "எங்கள் கம்ப்யூட்டரோடு சேருமா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன். "யூஎஸ்பி இருக்கே, தாராளமா சேரும்" என்றார். வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தால், அந்த யூஎஸ்பி வழியாக வந்தது ஃபோட்டோ மட்டும். கேசட்டில் இருக்கும் வீடியோ வெளியே வர ஃபயர்வயர் என்று வேறொரு போர்ட் வேண்டுமாம். கேமராவில் அது இருந்தது, கம்ப்யூட்டரில் இல்லை.

பதினொரு கேசட்டும் ஆறு வருஷம் அலமாரியில் கிடந்தன. பிறகு அப்பா ஒரு ஃபயர்வயர் கார்டு வாங்கி மாட்டினார். ஒரு மணி நேரக் கேசட்டை இறக்க முழுசாக ஒரு மணி நேரம் ஆகும். ஓடவிட்டுத்தான் பிடிக்க முடியும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 13 ஜிபி. மூன்றாவது கேசட்டின் நடுவில் ஹார்ட் டிஸ்க் நிரம்பி எல்லாம் நின்றுவிட்டது. நின்ற படத்தில் நீ நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறாய். அந்தக் காலை ஊன்றினாயா, விழுந்தாயா என்று தெரிந்துகொள்ள, பழைய ஃபைல்களை அழித்து இடம் பண்ண வேண்டியிருந்தது. (விழுந்தாய்.)

இன்றைக்கு அந்த போர்ட் தொல்லை ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. கேமராவையே கம்ப்யூட்டரில் மாட்ட வேண்டாம்; கார்டை உருவி ரீடரில் போட்டால் ஃபைல் வந்துவிடும். வந்த ஃபைலைக் கம்ப்யூட்டரால் சமாளிக்க முடிகிறதா என்பதுதான் இப்போதைய தலைவலி. கோடெக் என்று சொல்வார்கள், வீடியோவைச் சுருக்கி வைக்கும் முறை. இப்போதைய கேமராக்களில் பெரும்பாலும் இரண்டைப் பார்ப்பாய்: எச்.264, எச்.265. 2013இல் வந்த எச்.265க்கு எச்இவிசி என்றும் பெயர். அதே தரத்தை ஏறக்குறைய பாதி அளவில் அடக்கிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இறுக்கி மடித்ததை விரிக்க பிராசஸருக்கு மூச்சு வாங்கும்.

இன்டெல் பிராசஸர்களில், 2015இல் வந்த ஆறாம் தலைமுறையிலிருந்துதான் எச்.265ஐ விரிக்கிற வேலை முழுக்க வன்பொருளிலேயே நடக்கிறது; நிறத்தை இன்னும் நுணுக்கமாகப் பதிகிற 10 பிட் வகைக்கு ஏழாம் தலைமுறை வேண்டும். உன் கம்ப்யூட்டரின் செட்டிங்ஸில் பிராசஸர் பெயரைப் பார். ஐ5-4590 என்பதுபோல் இருந்தால், சின்னக் கோட்டுக்குப் பிறகு வரும் அந்த 4தான் தலைமுறை. அப்படியென்றால் எச்.264இல் பதிவாகிற கேமராவாக, அல்லது மெனுவில் அதற்கு மாற்ற முடிகிறதாகப் பார்த்து வாங்கு. தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் கதை வேறு. நீ போட்டிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும்.

"விஎல்சி ப்ளேயரில் போட்டால் நன்றாகத்தானே ஓடுகிறது" என்பாய். ஓடுவது வேறு, வெட்டுவது வேறுடா. இந்த இரண்டு முறையிலும் ஒவ்வொரு ஃபிரேமும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப்படமும், முழுப் படமாக இருக்காது. எங்கோ ஒன்று முழுப் படம். அடுத்தடுத்து வருபவற்றில் என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். மேடையின் பின்திரை அசையாமல் தொங்கினால் அதைத் திரும்பத் திரும்ப எழுதாது, ஆடுகிற கையை மட்டும் எழுதிக்கொள்ளும். நேராக ஓடும்போது இதில் கஷ்டமில்லை. எடிட்டிங்கில் நீ நடுவில் ஓரிடத்தைத் தொட்டால், கம்ப்யூட்டர் முந்தைய முழுப் படத்துக்கு ஓடிப்போய் அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும். பின்னோக்கி இழுத்தாயோ, அந்த ஓட்டத்தை மறுபடி மறுபடி ஓட வேண்டும். அங்கேதான் பழைய கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்கும்.

ஆகவே கடைக்குப் போகும்போது உன் எஸ்டி கார்டை எடுத்துக்கொண்டு போ. கடையில் இருக்கிற கேமராவில் போட்டு, இருப்பதிலேயே உயர்ந்த செட்டிங்கில் ஒரு நிமிஷம் எடு, அப்புறம் 1080பியில், அதாவது ஃபுல் எச்டியில், ஒரு நிமிஷம். சும்மா சுவரை எடுக்காதே. ஆட்கள் நடப்பதை எடு, கேமராவை இடம் வலமாகத் திருப்பு, பேசிக்கொண்டே எடு. வீட்டுக்கு வந்து, நீ எந்த மென்பொருளில் வேலை செய்யப்போகிறாயோ அதிலேயே திறந்து மூன்று இடத்தில் வெட்டு, பின்னோக்கி இழுத்துப் பார். ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் அந்த மாடலில் எடுத்த மூல ஃபைலைத் தேடிப் பிடி. யூடியூபில் பார்ப்பது உதவாது, அது மறுபடி சுருக்கப்பட்டது.

ஃபுல் எச்டியைவிட நாலு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே மேல் உனக்கு ஒரு கண் இருக்கிறது என்று தெரியும். கணக்குப் போட்டுப் பார். கேமரா நொடிக்கு 100 மெகாபிட் பதிகிறது என்றால், எட்டு பிட் ஒரு பைட், எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. உன்னிடம் இருப்பது 256 ஜிபி டிஸ்க். 24 மெகாபிட்டில் ஃபுல் எச்டி எடுத்தால் மணிக்கு 11 ஜிபிக்குள் அடங்கிவிடும். பேத்தி முகம் தெளிவாகத் தெரிய எனக்கு அதுவே தாராளம். மீறி 4கே வாங்கிவிட்டாய், எடிட்டிங்கில் திணறுகிறது என்றால், ஷாட்கட், கேடென்லைவ் போன்ற இலவச மென்பொருட்களில் ப்ராக்ஸி என்று ஒரு வசதி உண்டு. சிறிய நகலை வைத்து வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் அசல் ஃபைலிலிருந்து வீடியோவை எடுத்துக்கொள்ளும். நகல் தயாராகும்வரை பொறுமை வேண்டும். உன்னிடம் அது இல்லை.

போன் போதாதா என்று மருமகள் கேட்டாளாமே? பாதி நியாயம். வீட்டுக்குள் இரண்டு நிமிஷம் எடுக்கப் போன் போதும். பள்ளி விழாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மேடையில் மூன்றாவதாக நிற்கிற குழந்தையை முக்கால் மணி நேரம் எடுக்கத்தான் கேமரா. அதனால் ஆப்டிகல் ஜூம், அதாவது லென்ஸே கிட்டே இழுத்துக் காட்டுவது, எவ்வளவு என்று மட்டும் பார். டிஜிட்டல் ஜூம் என்று பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண், படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். அதை நீ வீட்டிலேயே செய்துகொள்ளலாம். "48 மெகாபிக்சல்" என்பதைப் பார்த்தும் மயங்காதே. 4கே வீடியோவின் ஒரு ஃபிரேமில் இருப்பதே 3840க்கு 2160, ஏறத்தாழ 8.3 மெகாபிக்சல். பெயர் தெரியாத புதிய 4கே கேமராவைவிட, நல்ல கம்பெனியின் பழைய ஃபுல் எச்டி கேமரா செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். மைக் மாட்ட இடம் இருக்கிறதா, பேட்டரியைக் கழற்ற முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

அப்படிப் பழையதை வாங்கினால் பெரும்பாலும் ஏவிசிஎச்டி என்கிற பதிவு வகையாக இருக்கும். சோனியும் பானாசோனிக்கும் 2006இல் கொண்டுவந்தது. கார்டில் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய், கடைசியில் எம்டிஎஸ் என்று பெயர் முடியும் வீடியோ ஃபைல்கள் இருக்கும். அதை மட்டும் இழுத்துப் போட்டுவிட்டுக் கார்டை அழிக்காதே, முழு ஃபோல்டரையும் அப்படியே நகலெடு. நீளமான பதிவைக் கேமரா தானே பல துண்டாக உடைத்து வைத்திருக்கும். கார்டில் ஃபைல்களை அடுக்கி வைக்கிற ஃபேட்32 முறையில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் அப்படி. கேமரா கெட்டுவிட்டது என்று பயந்து ராத்திரி போன் பண்ணாதே.

கடையில் எடுக்கிற அந்த ஒரு நிமிஷத்தை எனக்கும் அனுப்பு. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன் பங்குக்குச் சுருக்கிவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்பு. என் கம்ப்யூட்டர் உன்னுடையதைவிடப் பழசு. இதில் வெட்ட முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு.

அன்புடன்,
அம்மா