மூங்கிலின் தோலைச் சீவாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறன்று தங்கள் நாளிதழின் சிறுவர் பக்கத்தில், விடுமுறையில் செய்து பார்க்கக்கூடிய கைவேலைகளுள் ஒன்றாக மூங்கில் வில் செய்யும் முறை படங்களுடன் வெளியாகியிருந்தது. பச்சை மூங்கிலை வெட்டி வந்து நெடுக்காகப் பிளந்து, அதன் தோலை வழவழப்பாகும்வரை சீவியெடுத்து, அன்றைக்கே நாண் கட்டிவிடலாம் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. பணி ஓய்வுக்குப் பின் எட்டு ஆண்டுகளாக மூங்கிலிலும் மரத்திலும் வில் செய்வதையே பொழுதுபோக்காகக் கொண்டிருப்பவன் என்ற முறையில், தோலைச் சீவச் சொல்லும் அந்த வரி தவறானது மட்டுமன்று, ஆபத்தானதும்கூட என்பதைத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன். எங்கள் தெருப் பிள்ளைகள் இருவர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே தோல் உரித்த மூங்கிலுடன் திங்கட்கிழமை காலையிலேயே என் வீட்டு வாசலில் வந்து நின்றதால் கொஞ்சம் அவசரமாகவும் எழுதுகிறேன்.

நாணை இழுக்கும்போது வில்லின் இரு முகங்களும் ஒரே பாடு படுவதில்லை. எய்பவரை நோக்கியிருக்கும் உள்முகம் அமுங்குகிறது. இலக்கை நோக்கியிருக்கும் வெளிமுகம் இழுபடுகிறது. இழுபடும் முகத்தில் நார் ஓரிடத்தில் அறுந்திருந்தாலும் அங்கே சிலாம்பு எழும்பி, அதன் வழியே வில் முறியும். மூங்கிலிலோ நார்கள் தோலை ஒட்டியே மிக நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே போகப்போக நார் குறைந்து, சோறு எனப்படும் மென்மையான பகுதி மிகுகிறது. ஆகவே தோலைச் சீவுகிறவர் மூங்கிலின் வலுவனைத்தையும் குப்பையில் தள்ளிவிட்டு, வலுவற்ற பகுதியை வளைக்கப் பார்க்கிறார். தோல் வெளிமுகமாக, அதாவது இலக்கைப் பார்த்தபடி, அப்படியே இருக்க வேண்டும். தடிமனைக் குறைப்பதெல்லாம் உள்பக்கத்தில்தான். வெளியே கணுவின் மேட்டை மட்டும் நான் உப்புத்தாளால் லேசாகத் தேய்ப்பேன், அதோடு சரி.

இது நம்மவர்களுக்குப் புதிய செய்தியும் அன்று. வெளிப்புறத்தில் வைரம், அதாவது கெட்டியான பகுதி, உள்ளவற்றைப் புல் என்றும் உள்ளே வைரம் உள்ளவற்றை மரம் என்றும் தொல்காப்பியத்தின் மரபியல் பிரித்து வைத்திருக்கிறது. மூங்கில் புல்லினத்தைச் சேர்ந்தது என்பதைத் தாவரவியலாரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் பள்ளியில் மனப்பாடம் செய்த அந்த நூற்பாவுக்கும் கையிலிருக்கும் மூங்கிலுக்கும் தொடர்பிருக்கிறது என்பது எனக்கே ஐம்பத்தெட்டு வயதுக்குமேல்தான் உறைத்தது. நான் செய்த முதல் வில்லில், வார்னிஷ் நன்றாகப் பிடிக்கட்டும் என்று தோலை முழுவதும் சுரண்டிவிட்டேன். இரண்டாம் முறை இழுத்தபோது நடுவுக்குச் சற்று மேலே அது முறிந்து, துண்டு ஒன்று முகத்தில் அடித்து, மூக்குக்கண்ணாடியின் இடது பக்கம் விரிசல் விட்டது. மறு வாரம் சிவாஜிநகரை ஒட்டிய பாம்பூ பஜாருக்குப் போய், ஏணி கட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் முறிந்த துண்டைக் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தோலுதான் சார் மூங்கிலு, உள்ள இருக்கறது சோறு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். முப்பத்து மூன்று ஆண்டுகள் கருவிகள் செய்யும் டூல் ரூமில் வேலை பார்த்தவனுக்கு அந்தப் பாடம் தேவைப்பட்டது.

மரத்தில் வில் செய்வோர்க்கும் இதே விதிதான், வேறு உருவில். குளிர்நாட்டு மரங்களில் ஆண்டு வளையங்கள் தெளிவாகத் தெரியும் என்பதால், நார் எங்கும் அறுபடாதபடி வெளிமுகம் முழுவதும் ஒரே வளையத்தில் அமையுமாறு அங்குள்ளோர் பார்த்துப் பார்த்துச் செதுக்குவார்கள். 1545-இல் மூழ்கி 1982-இல் கடலடியிலிருந்து தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட யூ மர விற்கள் கிடைத்தன. இழுபடும் வெளிமுகத்துக்கு மரத்தின் வெளிப்பகுதியான வெளிறும் அமுங்கும் உள்முகத்துக்கு வைரமும் வருமாறு அவை செய்யப்பட்டிருந்தன. நம் பக்கத்து மரங்கள் பலவற்றில் வளையம் அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. ஆகவே ரம்பத்தால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளப்பதே நல்லது. ரம்பம் நாரைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும், பிளவோ நார் போகிற வழியிலேயே போகும்.

அடுத்தது தடிமன். கட்டுரையில் இது பற்றி ஒரு சொல்லும் இல்லை. உண்மையில் வேலையே இங்கேதான் இருக்கிறது. அகலம் இருமடங்கானால் விறைப்பும் இருமடங்காகும். தடிமன் இருமடங்கானாலோ விறைப்பு எட்டு மடங்காகிவிடும். பத்து மில்லிமீட்டர் தடிமனுள்ள இடத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டரைச் சீவிவிட்டால், அவ்விடத்தின் விறைப்பில் ஏறக்குறைய 27 விழுக்காடு போய்விடுகிறது. அதனால்தான் உருவம் வந்தபின் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அரத்தையும் உடைந்த கண்ணாடிச் சில்லையும் எடுக்க வேண்டியிருக்கிறது. வில்லின் நடுவைச் சுவரில் அடித்த கட்டையில் பொருத்தி, நாணைக் கயிற்றாலும் கப்பியாலும் கொஞ்சமாகக் கீழே இழுத்து, சற்றுத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். எங்கே வளையாமல் விறைத்து நிற்கிறதோ அங்கே மட்டும் நாலு சுரண்டு. எங்கே கூடுதலாக வளைகிறதோ அங்கே கையே வைக்கக்கூடாது. ஒவ்வொரு முறை சுரண்டிய பின்னும் இருபது முப்பது தடவை மெதுவாக இழுத்துவிட்டால்தான் சுரண்டியதன் விளைவு வெளியே தெரியும். இழுவிசையை அளக்க நான் பயன்படுத்துவது சாதாரணத் தொங்கு தராசு. (அதற்குள் இருக்கும் ஸ்பிரிங்கையும் தமிழில் சுருள்வில் என்றே சொல்கிறோம், மொட்டை மாடியில் தனியே உட்கார்ந்திருக்கும் நேரங்களில் இதை நினைத்துச் சிரித்துக்கொள்வதுண்டு.) ஒரு வில்லுக்கு இந்த வேலை மட்டும் எனக்கு மூன்று வாரம் பிடிக்கும். அவசரப்பட்ட வாரங்களில் முறிந்தவை வீட்டில் வெந்நீர் அடுப்புக்குப் போயின.

பச்சை மூங்கில் உதவாது. வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும். உள்துளை சிறுத்த கல்மூங்கிலாகத் தேர்ந்து, பிளந்து, நிழலில் நான்கைந்து மாதமாவது காயவைக்க வேண்டும். நல்ல வில்லும் பெங்களூரு மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கிக்கொண்டு சோர்ந்துபோகும் என்பதால் அம்மாதங்களில் நான் என் விற்களை நாணேற்றுவதே இல்லை.

கட்டுரையில் விடுபட்ட ஒன்றையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். அம்பு தொடுக்காமல் நாணை இழுத்து விடக்கூடாது. அம்போடு போக வேண்டிய விசை போக்கிடமின்றி வில்லுக்கே திரும்பி அதை உடைத்துவிடும். பிள்ளைகள் முதலில் செய்து பார்ப்பது அதைத்தான். அம்பு எய்வதற்கு மொட்டை மாடியும் தெருப் பூங்காவும் ஏற்ற இடங்கள் அல்ல. நான் ஓசூருக்கு அப்பால் மைத்துனர் தோட்டத்தில், மண்மேட்டின் முன் அடுக்கிய வைக்கோல் கட்டுகளில்தான் எய்கிறேன்.

தலைப்பில் 'பொம்மை வில்' என்று போட்டிருந்தீர்கள். வில்வித்தை வீராங்கனை தீபிகா குமாரி தொடக்கத்தில் பயின்றது வீட்டில் செய்த மூங்கில் வில்லில்தான். நம் நாட்டுத் தேசியப் போட்டிகளில் மூங்கில் வில்லுக்கென்றே 'இந்தியன் ரவுண்டு' என்ற பிரிவு இருக்கிறது. பொம்மை என்ற சொல்லைப் பார்த்த பெற்றோர் பிள்ளைகளின் அருகில் இருக்கத் தேவையில்லை என்று எண்ணிவிடக்கூடும் என்பதாலும் அதை மாற்றியிருக்கலாம்.

திருத்தம் வரும் ஞாயிறன்று அதே பக்கத்தில், படத்துடன் வந்தால் நல்லது. ஆசிரியர் கடிதங்களைப் பிள்ளைகள் படிப்பதில்லை. வாசலுக்கு வந்த இருவரிடமும் உரித்த மூங்கிலை வாங்கி அவரைப் பந்தலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, சென்ற ஆண்டு காயவைத்த மூங்கில் பத்தை ஒன்றைத் தோலுடன் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமைதோறும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
அல்சூர், பெங்களூரு.