‘மனைவி பெயரில் போட்டுவிடுங்கள்’ என்ற பதில் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ் கேள்வி பதில் பகுதியில், வரி குறைய வழி கேட்ட வாசகருக்கு “டெபாசிட்டை மனைவி பெயரில் போட்டுவிடுங்கள்” என்று ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கிறீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக உங்கள் பத்திரிகை வாங்கும் வீடு என்ற உரிமையில் எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரியாததா? நம் நாட்டில் கணவன் மனைவிக்குச் சேர்த்து வரி கிடையாது, ஆளுக்கொரு பான் எண், ஆளுக்கொரு வருமான வரி ரிட்டர்ன். கணவர் தன் பணத்தை மனைவிக்குச் சும்மா கொடுத்தால் கொடுத்த தொகைக்கு வரி இல்லைதான், ஆனால் வருமான வரிச் சட்டப்படி அதில் வரும் வட்டி கணவர் வருமானத்தில்தான் சேரும். அந்த வட்டியை மறுபடி போட்டு வருகிற வட்டி மட்டும்தான் மனைவியுடையது. என் கொழுந்தனார் நிலம் விற்ற பணத்தை இப்படித்தான் மனைவி பெயரில் போட்டு, அவளிடம், வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கிக்குக் கொடுக்கும் 15ஜி படிவத்திலும் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். இரண்டு வருடம் கழித்து வரியை வட்டியோடு கட்ட வேண்டி வந்தது. கையெழுத்துப் போட்ட பாவத்துக்கு வீட்டில் ஏச்சு வாங்கியது அவள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், ஏதோ பத்திரிகையில் படித்தேன் என்றார்.

என் கதை நேர்மாறு. 31 வருடம் ஆசிரியையாக இருந்து 2023இல் ஓய்வு பெற்றேன். வந்த பணத்தில் 14 லட்சத்தை எங்கள் இருவர் பெயரிலும் டெபாசிட் போட்டோம். “சார் பேரை முதல்ல போட்டுக்கலாம்மா, அதான் வழக்கம்” என்றார் வங்கி மேனேஜர். நானும் சரி என்றேன். உழைத்தது நான், ரசீதில் நான் இரண்டாவது பெயர். வட்டியை என் ரிட்டர்னில் ஒழுங்காகக் காட்டினேன். ஆனால் வங்கி வட்டியில் முன்கூட்டியே பிடித்த வரி, அதாவது டி.டி.எஸ்., என் கணவர் பானில் ஏறியிருக்கிறது. ஒருநாள் காலை, வட்டியைக் காட்டவில்லை என்று வருமான வரித்துறையிலிருந்து அவருக்குச் செய்தி வந்தது. வாழ்நாளில் ஒரு ரூபாய் மறைக்காத மனிதர், காபியில் ஆடை படிகிற வரை போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வங்கிக்கு மூன்று தரம் நடந்தேன். “முதல் பேர் யாரோ அவங்க பான்லதான் ஏறும்” என்பதே பதில். வருமானம் இன்னாருடையது என்று எழுதிக் கொடுத்தால் அந்த வருமானத்துக்கு உரியவர் பானிலேயே டி.டி.எஸ். சேர விதி இருக்கிறது என்பதை ஆடிட்டர்தான் சொன்னார். அவரும் முதலில் கேட்டது, “சார் வரலையா?”

உங்கள் பக்கங்களிலும் அதே கதைதான். பட்ஜெட் மறுநாள் போடும் வரிக் கணக்கெல்லாம் சம்பளம் வாங்கும் ஆண்களுக்கே. 2024இல் குடும்ப ஓய்வூதியத்துக்குப் புதிய வரி முறையில் கழிவு 15,000 ரூபாயிலிருந்து 25,000 ஆனது. அது பெரும்பாலும் கணவனை இழந்த பெண்கள் வாங்கும் பணம். அதைப் பற்றி உங்களிடம் ஒரு வரி இல்லை, நான் எழுதிய கடிதமும் வரவில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. அந்தப் பதிலுக்குத் திருத்தம் போடுங்கள். அப்படியே, கணவனும் மனைவியும் ரிட்டர்ன் போடும் முன் அவரவர் பானில் வருமான வரித் தளத்துக்குள் போய் பிடித்த வரியையும் வந்த வருமானத்தையும் காட்டும் 26ஏஎஸ், ஏ.ஐ.எஸ். அறிக்கைகள் இரண்டையும் எடுத்து, டெபாசிட் ரசீதுகளைப் பக்கத்தில் வைத்து, யார் பணம் யார் கணக்கில் ஏறியிருக்கிறது என்று ஒத்துப் பார்க்கச் சொல்லி நாலு வரி எழுதுங்கள். பழைய வரி முறையா புதிய வரி முறையா என்பதையும் இருவரும் தனித்தனியே முடிவு செய்யலாம், அதையும் சேருங்கள். கடைசிப் பக்க மூலையில் வேண்டாம், அந்தப் பதில் வந்த அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கும்பகோணம்