கப்சாய்க்கு யார் சொல்வது?

பினாங்கு மாநகர் மன்றத்தாருக்கும் போக்குவரத்து அமைச்சின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். ஜார்ஜ்டவுனில் பள்ளி வேன் ஓட்டுகிறவன் நான். தானாக ஓடும் வாகனங்களுக்கென்று 2020இல் சைபர்ஜெயாவில் சோதனைப் பாதை திறந்தார்கள். அகலமான சாலைகள், திட்டமிட்டு எழுப்பிய நகரம். அந்த வாகனங்களை என்றாவது எங்கள் தெருக்களில் ஓட்டிப் பார்க்க அனுமதி கேட்டு யாரேனும் உங்களிடம் வந்தால், கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

யந்திரம் என்றாலே மிரளும் ஆள் இல்லை நான். கோலாலம்பூரில் கிளானா ஜெயா தடத்து எல்.ஆர்.டி. இரயில் 1998 முதல் ஓட்டுநர் இல்லாமல்தான் ஓடுகிறது. 2021 மே மாதம் அந்தத் தடத்தில் இரண்டு இரயில்கள் மோதிக்கொண்டபோது, அவற்றுள் ஒன்றை மனிதர்தான் கையால் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆனால் இரயிலுக்குத் தனிப் பாதை. குறுக்கே பாட்டி வரமாட்டார்.

கடைத்தெருப் பக்கம் வருவார். கடைகளின் முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையில் சாமான் அடைத்துக் கிடப்பதால் சாலையில் இறங்கி, உள்ளங்கையை நீட்டியபடி நடப்பார். கார் நிற்குமா என்று பார்ப்பதுகூட இல்லை, நாங்களும் நின்றுவிடுகிறோம். ஒருவழிச் சாலையில் கப்சாய், அதாவது சின்ன மோட்டார் சைக்கிள், எதிரே வரும். ஓட்டுபவர் தலையை லேசாக அசைப்பார், நான் ஒதுங்குவேன், அவர் கை தூக்குவார். சட்டப்படி அது குற்றம் என்பது இருவருக்கும் தெரியும். கண்ணும் கையும் பேசுவதால்தான் இந்தத் தெரு ஓடுகிறது.

‘இணைக்கப்பட்ட வாகனம்’ என்கிறார்கள். காரும் காரும் பேசிக்கொள்ளுமாம். விளக்கு சிவப்பாகப் போவதைக் கம்பமே காருக்குச் சொல்லிவிடுமாம். நல்லதுதான். கப்சாய்க்கு யார் சொல்வது? நாட்டில் ஆண்டுக்கு 6,000க்கு மேற்பட்டோர் சாலையில் சாகிறார்கள். பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். அந்தப் பேச்சில் சேராதவர்களும் அவர்களே.

அமெரிக்காவின் அரிசோனாவில் 2018 மார்ச் மாத இரவொன்றில் சோதனைக் கார் ஒன்று, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்ணை மோதிக் கொன்றது. காருக்கு அவர் தெரியாமல் இல்லை. வாகனமா, சைக்கிளா, வேறு பொருளா என்று மாற்றி மாற்றி முடிவு செய்தது. ஒவ்வொரு முறை மாற்றியபோதும் அவர் எந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார் என்ற பழைய கணக்கைக் கைவிட்டது. பாதசாரிக் கடவை இல்லாத இடத்தில் மனிதர் கடப்பார் என்பதே அதற்குக் கற்பிக்கப்படவில்லை. எங்கள் ஊரில் கடவையில் கடப்பவரைத்தான் தேடவேண்டும்! காரைக் கவனிக்க உள்ளே காவலுக்கு உட்கார்ந்திருந்தவரோ கைப்பேசியில் இருந்தார். சும்மா உட்கார்ந்து பார்க்கும் வேலையில் யாருக்கும் கண் அலையும். இங்கே சோதித்தால் ஒருவருக்கு இருவராக உட்காரட்டும்.

தைப்பூசத்துக்கு வருவோம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குத் தேர் போகும் வழியெல்லாம் தேங்காய் உடைக்கிறோம். சாலை வெள்ளையாகிவிடும்; அள்ளுவதற்கு யந்திரம் வரும். அன்று சாலையை மூடிவிடுகிறீர்கள், சரி. திறந்த பிறகும் ஓட்டுச் சில்லும் வழுக்கலும் மிச்சம் இருக்கும். அங்கே நான் வேனை உருட்டிக்கொண்டுதான் போவேன். வேறு ஊரில் பழகி வந்த காருக்கு அந்த வெள்ளை என்னவென்று தெரியும்? மழைக்கு மேம்பாலத்தடியில் மோட்டார் சைக்கிள்கள் சாலையோரத்தை அடைத்து நிற்பது தனிக்கதை.

கலிஃபோர்னியாவில், ஓட்டுநரோடு சோதிக்கும் நிறுவனங்கள் மனிதர் குறுக்கிட்டு ஓட்டவேண்டி வந்ததை ஆண்டுதோறும் அரசுக்கு அறிக்கையாகத் தந்துவந்திருக்கின்றன; அது பொதுமக்கள் பார்வைக்கும் வந்திருக்கிறது. இங்கேயும் அதை நிபந்தனையாக வையுங்கள். எந்தத் தெருவில் எந்த நேரத்தில் ஓடும் என்பதை மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் அந்தத் தெருவிலேயே எழுதி ஒட்டுங்கள். இணையத்தில் போட்டுவிட்டோம் என்றால் பாட்டிக்குத் தெரியாது.

அனுமதி கேட்டு வரும் பொறியாளரை முதலில் என் வேனில் ஏற்றிவிடுங்கள். பள்ளி விடும் நேரத்தில் வரட்டும். பிள்ளைகள் பின்னால் உட்காருவார்கள். முன் இருக்கை காலிதான்.

இப்படிக்கு,
பள்ளி வேன் ஓட்டுநர் ஒருவர்,
ஜார்ஜ்டவுன்